புகாரை முடித்துவிட்டீர்கள், வேன் அங்கேயே நிற்கிறது

வடசென்னையில் எங்கள் தெருவுக்குப் பொறுப்பான மாநகராட்சி வட்ட அலுவலர், காவல் நிலைய ஆய்வாளர், வட்டாரப் போக்குவரத்து அலுவலர் ஆகிய மூவருக்கும்,

மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தனித்தனியாக எழுதி ஓய்ந்துவிட்டேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் புகார்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று அதில் இருந்தது. அதைப் படித்தபோது நான் வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றிருந்தேன். எதிரே எட்டடி தூரத்தில், நான் புகார் கொடுத்த அதே வெள்ளை ஆம்னி வேன் நின்றது. பின்சக்கரங்கள் இரண்டையும் யாரோ கழற்றிப் போய் ஓராண்டுக்கு மேல் ஆகிறது. செங்கல் அடுக்கின்மேல் நிற்கிறது. எடுக்கப்பட்ட நடவடிக்கை என்னவென்று தேடினேன். முன்கண்ணாடியில் ஓர் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டிருந்தது: ஏழு நாட்களுக்குள் வாகனத்தை அகற்ற வேண்டும். அந்தத் தாளைப் படம் எடுத்து இணைத்துவிட்டுத்தான் புகாரை முடித்திருக்கிறார்கள்.

இது என் நான்காவது புகார். முதல் புகார் 2024 மார்ச்சில் கொடுத்தேன். நான்கும் முடித்துவைக்கப்பட்டிருக்கின்றன. இந்த முறை என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த வேன் எப்படி அங்கே வந்தது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் யாரும் இதுவரை கேட்கவில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வேன் மூன்று நாள் அதில் மூழ்கிக் கிடந்தது. அதை ஓட்டியவர் தெருக்கோடியில் வாடகைக்குக் குடியிருந்தவர். காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வார், நடுவில் காய்கறி மூட்டை. வெள்ளம் வடிந்தபின் மெக்கானிக்கை அழைத்துவந்து பார்த்தார். என்ஜினுக்குள் சேறு. அவர் போட்டிருந்தது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். அதில் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. பழுதுபார்க்கும் செலவு வண்டியின் விலையைத் தாண்டியது. இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். வேன் நின்றுவிட்டது. அந்த டிசம்பரில் இப்படி நின்றுபோன வண்டிகள் எங்கள் பக்கத்துத் தெருக்களிலும் உண்டு. இரண்டு ஆட்டோக்களையும் ஒரு பழைய அம்பாசடரையும் என்னால் இன்றைக்கும் கை காட்ட முடியும்.

இனி அது எங்களுக்கு என்ன செய்தது என்று சொல்கிறேன்.

எங்கள் தெருவின் அகலம் பதினான்கு அடி. வேன் ஏறக்குறைய ஐந்தடியை அடைத்துக்கொள்கிறது. எதிர்வரிசையில் வீட்டுக்கு ஒரு இருசக்கர வாகனமாவது நிற்கும். அவற்றை நிறுத்த வேறு இடம் இல்லை. சென்ற ஐப்பசியில் ஓர் இரவு, பதினொன்றரை மணிக்கு மேல், என் மாமனாருக்கு நெஞ்சை அடைத்தது. 108-ஐ அழைத்தோம். சொன்னால் நம்புங்கள், வண்டி விரைவாகவே வந்தது. தெருமுனைவரை வந்தது. அதற்குமேல் வர முடியவில்லை. ஓட்டுநர் இறங்கி ஓடிவந்து வேனைப் பார்த்தார், தள்ள முடியுமா என்று கேட்டார். சக்கரமில்லாத வண்டியை எப்படித் தள்ளுவது? வடிகால் பணிக்காகத் தோண்டி மூடிய தெருவில் ஸ்டிரெச்சர் சக்கரம் உருளவில்லை. கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். எழுபத்தொரு வயது மனிதர், நெஞ்சைப் பிடித்தபடி, நாற்காலியின் கைப்பிடியிலிருந்து சரிந்துவிடாமல் இருக்க என் கழுத்தைக் கட்டிக்கொண்டே வந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த வேன் வெறும் பழைய இரும்பாகத் தெரியவில்லை.

மறுநாளே மூன்றாவது புகார் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் நின்ற இடம், நேரம் எல்லாம் எழுதினேன். "வேறு துறைக்கு அனுப்பப்பட்டது" என்று முடித்தார்கள்.

கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு பெண், வாரந்தோறும் வருகிறார். தண்ணீர் டிரம் மூடியைத் தூக்கிப் பார்க்கிறார், குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டைப் பார்க்கிறார், மொட்டைமாடியில் தேங்காய்ச் சிரட்டை கிடந்தால் கவிழ்த்துவிட்டுத் திட்டுகிறார். அவர் செய்வது சரி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றிப்போனாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்ததே அந்தப் பெண்தான். ஒருநாள் அவரை வேனுக்கு அருகே அழைத்துச் சென்றேன். கூரை துருப்பிடித்து ஓட்டை விழுந்து, உள்ளே தரைத்தகட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். டார்ச் அடித்துப் பார்த்தார். புழுக்கள் நெளிந்தன. "அக்கா, இது எவனோட வண்டின்னே தெரியல, நான் கைவைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் இடுக்கு வழியாகத் தன் கையிலிருந்த மருந்தை ஊற்றிவிட்டுப் போனார். அவரால் முடிந்தது அவ்வளவு. சென்ற ஆண்டு எங்கள் வரிசையில் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு வந்தது. அந்த வேனிலிருந்துதான் வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. வீட்டுக்குள் சிரட்டையை வைத்திருந்தால் எங்களுக்கு நோட்டீஸ் தரும் அலுவலகம், தெருவில் நிற்கும் நாற்பது சிரட்டைக்குச் சமமான தொட்டியை ஏன் விட்டுவைத்திருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

மழைநீர் வடிகாலின் மூடி ஒன்று அந்த வேனுக்கு நேர்கீழே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளும் பருவமழைக்கு முன்னால் தூர்வார ஆட்கள் வந்தார்கள். இரண்டு முறையும் அந்த மூடியை விட்டுவிட்டு அடுத்த மூடிக்குப் போனார்கள். எங்கள் பகுதித் தெருக்களில் மழைநீர் எவ்வளவு நேரம் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது என் கை நடுங்குகிறது. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் மூச்சுத்திணறி இறந்தார்கள். தமிழ்நாடே அழுதது. எங்கள் வேனின் பக்கவாட்டுக் கதவு வெளியிலிருந்து இழுத்தால் திறக்கும், உள்ளிருந்து திறக்காது. கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைகள் அதற்குள் ஒளிந்துகொள்வதை என் கண்ணால் பார்த்த அன்றே, தெருவில் இருந்த ஒரு கொத்தனாரிடம் கட்டுக்கம்பி வாங்கி அந்தக் கதவை முறுக்கிக் கட்டினோம். அந்தக் கம்பியும் இப்போது துருப்பிடித்துவருகிறது.

அதிகாரம் இல்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். சட்டப் புத்தகத்தை நானே படித்தேன். தையல் தைக்கிற எனக்குப் புரிகிற அளவுக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 127-ஆம் பிரிவு: பொது இடத்தில் ஒரு வாகனம் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று விடப்பட்டிருந்தால், அந்த எல்லைக்கு உட்பட்ட, சீருடையில் உள்ள காவல் அதிகாரி அதை இழுத்துச் செல்ல உத்தரவிடலாம். பத்து மணி நேரம். எங்கள் வேன் நின்று இரண்டு ஆண்டு கடந்துவிட்டது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: உடைந்த, எரிந்த, பாதி கழற்றப்பட்ட வாகனம் போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் உடனடியாக அகற்ற உத்தரவிடலாம். இழுத்துச் செல்லும் செலவு உரிமையாளருடையது. 201-ஆம் பிரிவில் போக்குவரத்தை மறித்து நிறுத்துவோருக்கு 500 ரூபாய்வரை அபராதமும் இருக்கிறது.

அப்படியிருந்தும் வேன் நிற்கிறதே, ஏன்? நான் மூன்று இடங்களுக்கும் நடந்து கண்டறிந்ததைச் சொல்கிறேன். வட்ட அலுவலகத்தில் கிரேன் இருக்கிறது. ஆனால், "போலீஸ் எழுதிக் கொடுத்தால்தான் தூக்குவோம், நாளைக்கு உரிமையாளர் வந்து கேஸ் போட்டால் யார் பதில் சொல்வது" என்கிறார்கள். காவல் நிலையத்தில் அதிகாரம் இருக்கிறது. ஆனால், "உரிமையாளர் யார் என்று தெரிய வேண்டும், தூக்கினால் வைக்க இடமில்லை" என்கிறார்கள். போக்குவரத்து அலுவலகத்தில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் கணினியில் இருக்கிறது. ஆனால், "பொதுமக்களுக்குத் தர முடியாது, போலீஸ் கேட்டால் தருவோம்" என்கிறார்கள். மூவர் சொன்னதும் தனித்தனியாகப் பார்த்தால் பொய்யில்லை. இந்த மூன்று மேசைகளுக்கும் நடுவில் காகிதத்தைச் சுமந்தது நான் ஒருத்தி மட்டும்தான். எந்த மேசைக்குப் போனாலும் புகார் அங்கே முடிந்துவிடுகிறது. வேனுக்கு மட்டும் முடிவு வரவில்லை.

அதனால் உரிமையாளரை நானே தேடினேன். உங்கள் கணினி தேவைப்படவில்லை. அவர் கடன் வைத்திருந்த டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. செங்குன்றம் பக்கம் இருக்கிறார், இன்னொருவருடைய வண்டியை ஓட்டுகிறார். கோபத்தோடுதான் போனேன். என் மாமனாரை நாற்காலியில் தூக்கிச்சென்றதைச் சொல்லி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் போகும்போதே மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து வைத்தார். அதில் ஆர்.சி., சாவி, கடன் கட்டிய ரசீதுகள். காயலான் கடையில் கேட்டிருக்கிறார், ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருக்கிறது, அது நீங்காமல் எடுக்க மாட்டோம் என்றிருக்கிறார்கள். பைனான்ஸில் தடையின்மைச் சான்று கேட்டால் பாக்கி ஏழு தவணையும் வட்டியும் கட்டச் சொல்கிறார்கள். மூழ்கிப்போன வண்டிக்கு. அரசு அங்கீகரித்த வாகன அழிப்பு மையத்துக்குக் கொண்டுபோகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓடாத வண்டியை அங்கே கொண்டுபோக லாரி வாடகை அவரால் முடியாது. "அக்கா, யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார்.

நிரந்தரமாகப் பயன்படாமல் போன வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 55-ஆம் பிரிவு சொல்கிறது. அவருக்கு அது தெரியாது. எனக்கும் சென்ற மாதம்வரை தெரியாது. 2021-இல் மத்திய அரசு வாகன அழிப்பு மையங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. எண்ணெயையும் பேட்டரி அமிலத்தையும் மண்ணில் சிந்தாமல் வடித்தெடுத்து வண்டியைப் பிரிக்க முறைப்படி வழி இருக்கிறது, வண்டியை ஒப்படைத்தவருக்குச் சான்றிதழும் தருகிறார்கள். ஒப்படைக்கத் தயாராக ஒருவர் சாவியோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் அந்த மையத்துக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்க அரசில் யாரும் கைகொடுக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அகற்றும் பணி எங்கள் தெருவுக்கு வரவே இல்லை என்று சொன்னால் தவறு. ஒருமுறை வந்தது. வேன் கனமாக இருந்தது, திருப்ப இடமில்லை. அதை விட்டுவிட்டு இருசக்கர வாகனங்கள் நான்கைத் தூக்கிப்போனார்கள். அதில் இரண்டு உண்மையிலேயே கைவிடப்பட்டவை. ஒன்று, பூ விற்கும் அம்மாவின் மகன் ஓட்டும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். அவன் அம்மை போட்டு மூன்று வாரம் படுத்திருந்தான்; வண்டிமேல் தூசி படிந்து, டயரில் காற்று இறங்கியிருந்தது, அவ்வளவுதான். எங்கே கொண்டுபோனார்கள் என்று கண்டுபிடிக்கவே நான்கு நாள் ஆனது. பழைய வண்டி வேறு, கைவிடப்பட்ட வண்டி வேறு. ஏழையின் வண்டி எப்போதும் பழையதாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது.

ஆய்வாளர் அவர்களே, இடமில்லை என்று நீங்கள் சொன்னதை நான் நேரில் பார்த்தேன். நிலையத்தின் வெளிச்சுவரை ஒட்டி, நடைபாதை முழுவதும், வழக்குகளில் பிடிபட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன. சிலவற்றின் இருக்கை வழியாகச் செடி முளைத்திருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அந்த நடைபாதையை விட்டிறங்கிப் பேருந்து ஓடும் சாலையில் நடக்கிறார்கள். பிடிபட்ட வாகனங்களை நிலையத்தில் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, படம் எடுத்துப் பதிவுசெய்து, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு இதற்கு நாள்கணக்கே வைத்திருக்கிறது: நீதிமன்றத்தில் பொருளை முன்னிறுத்திய 14 நாட்களுக்குள் விவரப் பட்டியல், படம், அதிலிருந்து 30 நாட்களுக்குள் ஒப்படைப்பதா, விற்பதா, அழிப்பதா என்ற உத்தரவு. அந்த வரிசையில் கிடக்கும் வண்டிகளில் எத்தனை பேருடைய பிழைப்பு துருப்பிடித்துக் கொண்டிருக்கிறது? அது காலியானால் எங்கள் வேனுக்கும் இடம் கிடைக்கும்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

வட்ட அலுவலர் அவர்களே, கைவிடப்பட்ட வாகனம் பற்றிய புகாரை, வாகனம் இருந்த இடம் காலியாக இருக்கும் படம் இல்லாமல் முடிக்கக் கூடாது என்று உத்தரவிடுங்கள். அறிவிப்புத் தாள் ஒட்டுவது தொடக்கம். அதைப் படம் எடுத்துக் கணக்கை மூடுவதை இன்றோடு நிறுத்துங்கள். வேறு துறைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அதே புகார் எண்ணோடு அனுப்புங்கள். குடிமக்களைப் புதிதாக எழுதவைக்காதீர்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் இந்த வேலைக்கென்று ஒரே ஒரு அலுவலரை நியமித்து, அவருடைய அலுவலகத் தொலைபேசி எண்ணை அறிவிப்புத் தாளிலேயே அச்சிடுங்கள். தூக்கிய வண்டி எங்கே இருக்கிறது என்பதையும் அதே எண்ணில் சொல்ல வேண்டும். தாள் ஒட்டும் நாளில் அக்கம்பக்கத்து நான்கு வீடுகளில் விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும். ஓடும் வண்டியைத் தவறாக எடுத்தால் ஒரு பைசா வாங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஆய்வாளர் அவர்களே, 127-ஆம் பிரிவின் கீழ் எங்கள் வேனை அகற்ற எழுத்தில் உத்தரவிடுங்கள். சுற்றுத் தெருக்களில் நிற்கும் மற்ற வண்டிகளையும் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். நம்பர் பிளேட் இல்லாதவற்றில் சேஸிஸ் எண்ணைத் தேய்த்துப் படித்து, காணாமல்போன வண்டிகளின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். எங்கோ ஒரு மாவட்டத்தில் யாரோ ஒருவர் அந்த வண்டிக்காகப் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். நிலையத்தின் வெளியே கிடக்கும் வழக்கு வாகனங்களைப் பட்டியலிட்டு நீதிமன்றத்தில் உத்தரவு கேளுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த நடைபாதை ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் திரும்பக் கிடைக்க வேண்டும்.

போக்குவரத்து அலுவலர் அவர்களே, வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்காக எங்கள் பகுதியில் ஒரு நாள் முகாம் நடத்துங்கள். வண்டியை ஒப்படைக்க விரும்புவோரின் கையெழுத்தை அங்கேயே வாங்கிப் பதிவை ரத்து செய்யுங்கள். கடன் பெயர் நீங்காததால் நிற்கும் வண்டிகளுக்கு, கடன் கொடுத்தவர்களையும் அதே முகாமுக்கு அழைத்து உட்காரவையுங்கள். தானே முன்வந்து ஒப்படைப்பவரிடம் இழுவைச் செலவும் அபராதமும் வாங்காதீர்கள். அதற்கு அரசிடம் அனுமதி வேண்டுமென்றால் பரிந்துரைத்து எழுதுங்கள். அந்தச் செலவுக்குப் பயந்துதான் பலர் முகம் காட்டாமல் இருக்கிறார்கள்.

வேனின் பதிவு எண், சேஸிஸ் எண், வடிகால் மூடியின் படம், ஆம்புலன்ஸ் வந்த தேதி எல்லாம் என் புகார்களில் இருக்கின்றன. மூவரும் சேர்ந்து ஒரு நாள் குறியுங்கள். வேலை நாளாக இருந்தாலும் பரவாயில்லை, வேன் ஓட்டுநருக்கு அன்றைய கூலியை நாங்கள் தெருவில் வசூலித்துக் கொடுத்துவிடுகிறோம். ஆர்.சி.யோடும் சாவியோடும் அந்த ஓட்டுநரை நான் அழைத்துவருகிறேன். கதவில் கட்டியிருக்கும் கம்பியை வெட்டக் குறடும் நாங்களே கொண்டுவருகிறோம். கிரேனை நீங்கள் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அந்த வேனுக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவள்